கார்னோ தவறான கொள்கையில் தொடங்கி சரியான விதிக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்த வாரம் வெப்ப இயக்கவியல். கார்னோ இயந்திரத்தை நடத்தி முடித்துவிட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னேன்: "பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ இதை எழுதிய 1824-இல், வெப்பம் ஒரு கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று எண்ணித்தான் எழுதினார். அதற்குக் கலோரிக் என்று பெயர்."

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அப்போ அவர் ஆரம்பிச்சதே தப்பு சார். தப்பில் ஆரம்பிச்சு சரியான விடை எப்படி வந்தது? அந்த விடையை நாங்க ஏன் நம்பணும்?"

மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இதே யோசனைதான். இத்தனை வருடம் இதை நடத்தியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அவள் கேள்வியைத் தொட்டபடியே இன்னொன்றும் இருக்கிறது. பாடநூலில் முதல் விதி முதலில், இரண்டாம் விதி அதன் பின். வரலாற்றில் இது தலைகீழ். ஆற்றல் அழியாது என்ற முதல் விதி 1840-களில்தான் உருவாகிறது. இரண்டாம் விதியின் கரு அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே கார்னோவின் சிறு நூலில் இருக்கிறது. 118 பக்கம், 600 படிகள். அப்போது அவருக்கு 28 வயது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நீர்ச்சக்கரத்தில் மேலிருந்து நீர் கீழே விழுகிறது. விழும்போது சக்கரம் சுற்றுகிறது. நீர் குறையவில்லை, இடம்தான் மாறியது. நீராவி இயந்திரமும் அப்படித்தான் என்றார். கொதிகலனின் சூட்டிலிருந்து குளிர்விப்பானின் குளிருக்குக் கலோரிக் "விழுகிறது", விழும்போது வேலை கிடைக்கிறது, கலோரிக் குறைவதில்லை. இந்தக் கடைசிப் பகுதி தவறு. வெப்பத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே வேலையாக மாறிப் போய்விடுகிறது.

திங்கட்கிழமைக்குள் அவளுக்கு நேர்மையான ஒரு விடை வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கொதிகலன்

சார், மாணவியின் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. ஆனால் கார்னோ சொன்னதை ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கிறவன் நான். அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லாருமே முதல் வாரத்தில் ஒன்றைக் கேட்பார்கள்: "இவ்வளவு நிலக்கரியை எரித்துவிட்டு, பாதிக்கு மேல் வெப்பத்தைக் கூலிங் டவரில் கொண்டுபோய் விடுகிறோமே, அதைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்த முடியாதா?" நானும் கேட்டவன்தான். என் மூத்த அலுவலர் பதில் சொல்லவில்லை. கன்டென்சரின் (டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலன்) வேக்குவம் காட்டும் மானியைக் காட்டினார். "இன்று மதியம் மூன்று மணிக்குப் பார், நாளை விடிகாலை நான்கு மணிக்குப் பார்" என்றார். பார்த்தேன். மதியம் குளிர்விக்கும் நீர் சூடாகிறது, வேக்குவம் இறங்குகிறது, அதே நிலக்கரிக்கு மெகாவாட் குறைகிறது. விடிகாலையில் திரும்ப ஏறுகிறது. அடுப்பில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. மாறியது குளிர் பக்கம் மட்டும்.

வேலை கிடைக்க நெருப்பு மட்டும் போதாது, குளிரான இடமும் வேண்டும். இதைக் கார்னோதான் முதலில் சொன்னார் என்று பிறகு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கணக்கும் போட்டுவிடுகிறேன். நீராவி 540 டிகிரி செல்சியஸ், கன்டென்சர் 40 டிகிரி. கெல்வினில் 813, 313. கார்னோ வரம்பு 1 − 313/813, அதாவது 61 சதவீதத்துக்குச் சற்று மேல். எங்களைப் போன்ற நிலையங்கள் உண்மையில் எட்டுவது 35 முதல் 40. உராய்வே இல்லாமல், கசிவே இல்லாமல், தெய்வமே வந்து இயந்திரம் செய்தாலும் அந்த 61-ஐத் தாண்ட முடியாது.

---

நூலகத்துமூலை

கரும்பலகை ஐயா, கலோரிக் கொள்கையைத் "தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்த மாணவிக்குப் பாதிதான் கிடைக்கும். அந்தக் கொள்கை எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி. இன்னொன்றில் அதே எடையில், பனிக்கட்டி அளவுக்கே குளிர்ந்த நீர், 33 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டையும் 47 டிகிரி இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஏறி 40-ஐத் தொட்டது. பனிக்கட்டி உருகி அதே 40-ஐத் தொட 10½ மணி நேரம் ஆனது. அதாவது 21 அரை மணிகள். 21 × 7 = 147. உருகிய பிறகு 32-இலிருந்து 40-க்கு ஏற 8 போக, 139 டிகிரிக்கான வெப்பம் பனிக்கட்டிக்குள் போயிருக்கிறது, வெப்பமானி துளியும் அசையவில்லை. இன்றைய மதிப்பு 144. அந்தக் காலத்துக் கருவிகளோடு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்.

வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பது அங்கேதான் துலங்கியது. வெப்பத்தை எடை போல அளக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம், ஓரிடத்தில் போனது இன்னோரிடத்தில் வரும் என்றெல்லாம் கணக்கு வைக்க, அதை அழியாத ஒரு பொருளாக நினைப்பதுதான் மிக இயல்பான வழி. லவோசியே 1789-இல் போட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனுக்கு முன்பே ஒளியும் கலோரிக்கும் இருக்கின்றன.

பிளாக்கின் அதே பல்கலைக்கழகத்தில்தான் ஜேம்ஸ் வாட் கருவி செய்பவராக இருந்தார். பழுது பார்க்க வந்த நியூகாமன் இயந்திர (பழைய வகை நீராவி இயந்திரம்) மாதிரி ஏன் இவ்வளவு நீராவியைக் குடிக்கிறது என்று ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் உருளையையே குளிர்வித்துத் திரும்பச் சூடாக்குவதில் நீராவி வீணாகிறது. 1765-இல் தனிக் குளிர்விப்பான் என்ற யோசனை வந்தது. கொதிகலன் அவர்களே, உங்கள் கன்டென்சரின் பாட்டன் அதுதான்.

---

குளிர்காற்று

நான் ஏசி மெக்கானிக். பெரிய படிப்பு இல்லை. நூலகத்துமூலை அக்கா சொன்ன பனிக்கட்டி விஷயம் எங்கள் தொழிலில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒன்றரை டன் ஏசி, இரண்டு டன் ஏசி என்கிறோமே, அந்த டன் ஏசியின் எடை என்று நினைக்கிற வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். ஒரு டன் என்றால், ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு. அமெரிக்க டன் கணக்கு, 2000 பவுண்டு. 907 கிலோ, கிலோவுக்கு 334 கிலோஜூல், அதை 86,400 வினாடிக்கு வகுத்தால் சுமார் 3500 வாட். மெஷின் வருவதற்கு முன்பு பனிக்கட்டியை வைத்துத்தான் குளிர்வித்தார்கள், அந்த அளவே நின்றுவிட்டது.

எனக்கும் ஒரு சந்தேகம். ஏறக்குறைய 1000 வாட் கரன்ட் எடுத்துக்கொண்டு ஏசி 3500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கொடுத்ததைவிட அதிகம் கிடைக்கிறதே, முதல் விதி என்ன ஆகிறது?

---

யாழ்வாசி

குளிர்காற்று, வெப்பத்தை ஏசி உண்டாக்கவில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துகிறது. அறையிலிருந்து 3500, மின்சாரத்திலிருந்து 1000, ஆக மொத்தம் 4500 வாட் வெளியே போகிறது. கணக்கு சரியாக நிற்கிறது. கார்னோ இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அதுதான் உங்கள் ஏசி. இதையே கட்டடங்களைச் சூடாக்கவும் பயன்படுத்தலாம் என்று வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், 1852-இலேயே எழுதியிருக்கிறார்.

கரும்பலகை சேர், உங்கள் மாணவியின் கேள்விக்கு இரவு விரிவாக எழுதுகிறேன். எனக்கும் பிடித்த இடம் அது.

---

நூலகத்துமூலை

குளிர்காற்று தம்பி, அந்த "டன்" பற்றிச் சொன்னதும் சென்னை நினைவுக்கு வந்துவிட்டது. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தை ஐஸ் ஹவுஸ் என்கிறோமே, அது 1842-இல் பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடரின் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. அவருடைய கப்பல் முதன்முதலில் 1833-இல் கல்கத்தாவுக்கு வந்தது. 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம், வெப்ப மண்டலக் கடலைக் கடந்து, 100 டன் அளவுக்கு மிஞ்சி வந்து சேர்ந்தது. வெப்பம் புகாமல் சுற்றிப் பொதிந்தது ஒரு காரணம். பிளாக் அளந்த அந்த உள்ளுறை வெப்பம் இன்னொன்று. பனி உருக இவ்வளவு வெப்பம் தேவைப்படாமல் இருந்தால் ஒரு டன்கூட நம் கரைக்கு வந்திருக்காது.

---

நேர்கோடு

இழை நன்றாகப் போகிறது. ஆனால் ஒரு மறுப்பு. கலோரிக் கொள்கையை ரம்ஃபோர்டு 1798-இலேயே வீழ்த்திவிட்டார். மியூனிக்கில் பீரங்கி துளைக்கும் பட்டறையில், மழுங்கிய துளைப்பானைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, இரண்டரை மணி நேரத்தில் 18 பவுண்டுக்கு மேல் நீரைக் கொதிக்க வைத்தார். நெருப்பே இல்லாமல் நீர் கொதித்ததைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் அசந்துபோனார்கள். துளைக்கத் துளைக்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வரும் ஒன்று பொருளாக இருக்க முடியாது, இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகும் 26 வருடம் கழித்துக் கார்னோ கலோரிக் பேசினார் என்றால், அது அவருடைய அறியாமை என்றுதானே கொள்ள வேண்டும்?

---

நூலகத்துமூலை

அறியாமை என்ற சொல்லை ஏற்க மாட்டேன், நேர்கோடு. ரம்ஃபோர்டின் சோதனை அழகானது. உலோகச் சீவல்களின் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி ஏற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது) மாறியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தவர் அவர். ஆனால் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற ஓர் எண்ணை நிலைநாட்டி, அதன்மேல் ஒரு கொள்கையை அவர் எழுப்பவில்லை. "வெப்பம் ஓர் இயக்கம்" என்பதை வைத்து எதையும் கணக்கிட அன்று வழி இல்லை.

மறுபக்கம் பாருங்கள். காற்றில் ஒலியின் வேகத்துக்கு நியூட்டன் போட்ட கணக்கு சுமார் 15 சதவீதம் குறைவாக வந்தது. நூறு வருடத்துக்கு மேல் யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ஒலி அலை காற்றை நெருக்கும்போது வெப்பம் வெளியேற நேரம் இல்லாமல் காற்று சூடாகிறது என்று திருத்தி, லாப்லாஸ் 1816-இல் சரிசெய்தார். அவர் கலோரிக் முகாமைச் சேர்ந்தவர். ஓர் இளைஞன் 1820-களில் பாரிஸில் அமர்ந்து எதை நம்புவான்? கணக்குப் போடத் தெரிந்த கொள்கையைத்தான்.

அதிலும் கார்னோ கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. வெப்பக் கொள்கையின் அடித்தளத்தையே கவனமாக ஆராய வேண்டியிருக்கிறது என்று அதே நூலில் குறிப்பிடுகிறார்.

---

யாழ்வாசி

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். (உள்ளுறை வெப்பத்தை நாங்கள் மறைவெப்பம் என்று படித்தோம், மற்றச் சொற்களும் கொஞ்சம் மாறலாம்.)

கார்னோவின் வாதத்தைப் பிரித்துப் பார்த்தால், கலோரிக்கில் தங்கியிருப்பது எது, தங்கியிராதது எது என்று தெரியும்.

ஒரு சூடான இடம், ஒரு குளிரான இடம். நடுவே இரண்டு இயந்திரங்கள். ஒன்று மீள் இயந்திரம்: முன்னோக்கியும் ஓடும், பின்னோக்கியும் ஓடும். மற்றது அதைவிடத் திறமையானது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திறமையானதை முன்னோக்கி ஓட்டி, கிடைக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கொண்டு மீள் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறோம். முதலாவது இறக்கிய வெப்பத்தை இரண்டாவது அப்படியே மேலே ஏற்றிவிடுகிறது. சூடான இடமும் குளிரான இடமும் பழையபடியே இருக்கின்றன, கையிலோ மிச்ச வேலை இருக்கிறது. ஒன்றுமில்லாததிலிருந்து வேலை. அப்படி ஒன்று நடவாது. ஆகவே மீள் இயந்திரத்தைவிடத் திறமையான இயந்திரம் இருக்க முடியாது. நீராவியாக இருந்தாலும் காற்றாக இருந்தாலும், எந்த மீள் இயந்திரத்துக்கும் திறன் ஒன்றே. இரண்டு வெப்பநிலைகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இதில் கலோரிக் எங்கே வருகிறது? "இறக்கிய வெப்பம் முழுதும் குளிரான இடத்துக்கு வந்து சேர்ந்தது" என்ற ஒரே இடத்தில்.

இப்போது, 1840-களில், இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் வந்து, வெப்பத்தில் ஒரு பங்கு வேலையாகப் போய்விடுகிறது என்கிறார். அதை வைத்து இரண்டு இயந்திரங்களையும் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். சூடான இடத்தில் எடுத்ததைச் சூடான இடத்தில் திரும்ப வைத்துவிட்டோம். கையில் மிச்ச வேலை இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? குளிரான இடத்தின் வெப்பத்திலிருந்து. ஆற்றல் கணக்கு சரியாகவே நிற்கிறது! முதல் விதியை வைத்துக்கொண்டு இந்த இயந்திரத்தைத் தடுக்க முடியாது. கார்னோ "நடவாது" என்று சொன்ன காரணம் இந்த இடத்தில் கழன்றுவிடுகிறது.

தாம்சன் பல வருடம் இங்கேதான் சிக்கிக்கிடந்தார். கார்னோவையும் விட மனமில்லை, ஜூலையும் மறுக்க முடியவில்லை. கார்னோவை விட முடியாததற்கு வலுவான காரணமும் இருந்தது. அவருடைய அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் 1849-இல் கார்னோவின் வாதத்தை வைத்தே, அழுத்தம் கூடினால் பனி உருகும் வெப்பநிலை குறையும் என்று கணித்தார். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0075 டிகிரி செல்சியஸ். அடுத்த வருடம் வில்லியம் அளந்து பார்த்தார். அப்படியே இருந்தது. தவறு என்று தெரிந்த கொள்கை, யாரும் கண்டிராத ஒன்றைச் சரியாகச் சொல்கிறது.

சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ், 1850-இல். அவர் கார்னோவின் முடிவைத் தொடவில்லை, அதைத் தாங்கிய காரணத்தை மட்டும் மாற்றினார். இரண்டு இயந்திரங்களையும் மிச்ச வேலை வராதபடி இணைத்தால், விளைவு ஒன்றே ஒன்று: குளிரான இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் சும்மா ஏறிக்கொண்டே இருக்கும். உலகில் எங்கேயும் அது நடப்பதில்லை. அதையே அடிப்படை விதியாக வைத்தார்; இன்று நாம் இரண்டாம் விதி என்பது அதுதான். வேறு எந்த மாற்றமும் இல்லாமல், வெப்பம் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது. கூரை அப்படியே இருக்க, உளுத்த தூணை எடுத்துவிட்டுப் புதுத் தூணை நிறுத்தியது போல.

ஆகவே உங்கள் மாணவிக்கு என் பதில்: கார்னோவின் விடையை அவர் கொடுத்த காரணத்துக்காக நாம் நம்பவில்லை. கிளாசியஸ் கொடுத்த காரணத்துக்காக நம்புகிறோம். அந்தக் காரணத்தை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள்; ஆறிய தேநீர் தானாகச் சூடாவதில்லை.

---

கரும்பலகை

யாழ்வாசி, மனமார்ந்த நன்றி. மூன்று முறை படித்தேன். மாணவியின் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது.

முதல் பாதி, தப்பில் தொடங்கி எப்படிச் சரியாக வந்தது என்பது, எனக்கு இன்னும் உறுத்துகிறது. கொதிகலன் கொடுத்த எண்களை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 813 கெல்வினில் 813 ஜூல் வெப்பம் எடுக்கும் ஒரு மீள் இயந்திரம். 500 ஜூல் வேலை. 313 ஜூல் கன்டென்சருக்குப் போகிறது. வெப்பம் குறைந்துவிட்டது, 813 போய் 313 ஆகிவிட்டது. இனி ஒவ்வொன்றையும் அதனதன் வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள். மேலே 813/813 = 1. கீழே 313/313 = 1.

ஏதோ ஒன்று, குறையாமல், முழுதாக, மேலிருந்து கீழே விழுந்திருக்கிறது! கார்னோ சொன்ன நீர்ச்சக்கரத்தின் நீர் போல. வெப்பத்தை அதன் வெப்பநிலையால் வகுத்து வரும் இந்த அளவுக்குத்தான் கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். கார்னோவின் கலோரிக் உண்மையில் என்ட்ரோபிதான் என்று சொல்லிவிடலாமா?

---

நூலகத்துமூலை

ஐயா, அந்தக் கணக்கு அருமை, வகுப்பில் கட்டாயம் போடுங்கள். ஆனால் கடைசி வரியை அப்படியே சொல்லாதீர்கள். மீள் இயந்திரத்தில் மட்டுமே அந்த இரண்டு 1-களும் சமம். உண்மையான இயந்திரத்தில் கீழே 1-க்கு மேல் வரும்; என்ட்ரோபி வழியில் கூடிவிடுகிறது. கலோரிக்கோ கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவிர, கார்னோ கலோரிக் என்ற சொல்லால் வெப்பத்தைத்தான் குறித்தார். நமக்குப் பின்னால் தெரிந்ததை அவர் வாயில் திணிக்க வேண்டாம். "மீள் இயந்திரத்தில் குறையாமல் விழும் ஒன்று உண்டு, அது வெப்பம் என்று அவர் நினைத்தார்" என்று சொன்னால் போதும். அவர் ஆராய்ந்தது மீள் இயந்திரத்தை. தவறு அவரை வழிதவற விடாததற்கு அது ஒரு காரணம்.

அவருக்கு நியாயமாக இன்னொன்றையும் மாணவியிடம் சொல்லுங்கள். கார்னோ 1832-இல் காலராவில் இறந்தார், 36 வயது. தாள்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. தம்பி இப்போலிட் காப்பாற்றி வைத்திருந்த சில குறிப்புகள் 1878-இல்தான் அச்சேறின. அவற்றில் கார்னோ கலோரிக்கைக் கைவிட்டிருக்கிறார். வெப்பம் இயக்கமே என்று எழுதி, ஒரு கிலோகலோரிக்கு எவ்வளவு வேலை என்றும் கணக்கிட்டிருக்கிறார்: 370 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை. இன்றைய மதிப்பு 427. முதல் விதியை ஜூலுக்கும் மேயருக்கும் முன்பே எட்டிப் பிடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

1824 நூலை யாரும் கவனிக்கவும் இல்லை. கிளாபெய்ரான் 1834-இல் அதை விளக்கி எழுதியதால்தான் தப்பியது. 1845-இல் தாம்சன் பாரிஸ் புத்தகக் கடைகளில் தேடி அலைந்தும் ஒரு படிகூடக் கிடைக்கவில்லை. 600 படிகள் அச்சிட்ட நூல்!

---

நேர்கோடு

அறியாமை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 1878 குறிப்புகள் எனக்குத் தெரியாது.

மேயரையும் ஒருவர் பேச வேண்டும். எல்லாரும் ஜூலின் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர் 1840-இல் டச்சுக் கப்பலில் ஜாவாவுக்குப் போனார். மாலுமிகளுக்குச் சிகிச்சையாக இரத்தம் எடுத்தபோது, சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்தது. தமனியைக் கீறிவிட்டோமோ என்று எண்ணும் அளவுக்கு. வெப்ப நாட்டில் உடல் சூட்டைக் காக்கக் குறைவாக எரித்தால் போதும், ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்தார். அங்கிருந்து உணவு, உடல் வெப்பம், உடல் செய்யும் வேலை மூன்றுக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும் என்ற இடத்துக்குப் போனார். 1842-இல் கட்டுரை வந்தது. நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், அதே நீர் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்றார்.

யாரும் சட்டை செய்யவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்தார். முன்னுரிமைச் சண்டையில் மனம் உடைந்து 1850-இல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார், உயிர் தப்பினார், மனநல விடுதியில் அடைபட்டார். மேயரின் கட்டுரை 1842. ஜூலின் முதல் மதிப்பு 1843. விதிக்கு மேயரின் பெயரை வைப்பதுதான் நியாயம்.

---

நூலகத்துமூலை

மேயர்மேல் எனக்கும் அதே பரிவு உண்டு. ஆனால் ஜூல் செய்ததைக் குறைக்க மனம் வரவில்லை. மேயர், பிறர் அளந்த வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறனை எடுத்துக் கணக்கிட்டார். அன்றைய அளவுகள் பிசகியதால் 427-க்குப் பதில் 365 வந்தது. ஜூல் அளந்தார். மின்சாரத்தால், காற்றை அழுத்தி, துடுப்புச் சக்கரத்தால், வருடக்கணக்காக. மான்செஸ்டர் பக்கம் மதுவடிப்பு ஆலைக் குடும்பம். துடுப்பைச் சுற்றும் எடைகளை 20 முறை இறக்கினாலும் நீர் ஏறக்குறைய அரை ஃபாரன்ஹீட் டிகிரிதான் ஏறும். அதில் நூறில் ஒரு பங்கைப் படிக்கும் வெப்பமானியும் பொறுமையும் அவரிடம் இருந்தன. 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டார்கள். இளைஞர் தாம்சன் எழுந்து பேசியிராவிட்டால் அன்றும் அது கவனிக்கப்படாமல் போயிருக்கும் என்று ஜூலே நினைவுகூர்கிறார்.

அந்த வருடமே தேனிலவுக்குப் போன ஜூலை ஆல்ப்ஸ் மலையில் தாம்சன் சந்தித்தார். அருவியின் மேலும் கீழும் நீரின் வெப்பநிலையை அளக்க இருவரும் முயன்றார்கள். நீர் துளித்துளியாகச் சிதறியதால் முடியவில்லை. 100 மீட்டர் விழுந்தாலும் கால் டிகிரி செல்சியஸ்கூட ஏறாது. நினைத்தாலே கைவிடத் தோன்றும் அளவீடு அது.

ராயல் சொசைட்டி காப்லி பதக்கத்தை 1870-இல் ஜூலுக்கும் 1871-இல் மேயருக்கும் கொடுத்தது. மேயர் அதை உயிரோடு இருந்து பெற்றார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

---

குளிர்காற்று

எல்லாம் படித்துக்கொண்டே வருகிறேன். என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். 813-ஐ 813-ஆல் வகுப்பதற்கும் ஒழுங்கின்மைக்கும் என்ன சம்பந்தம்?

---

யாழ்வாசி

அதற்குத் தனி இழையே வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 100 காசுகளைச் சுண்டினால், எல்லாமே தலையாக விழ ஒரே வழிதான். சரிபாதி தலை, சரிபாதி பூவாக விழும் வழிகள், 1-க்குப் பின் 29 பூஜ்ஜியம் போட்டால் வரும் அளவு. மூலக்கூறுகளிலும் ஒரு நிலையை எத்தனை வழிகளில் அமைக்கலாம் என்று எண்ணி, அதன் மடக்கையே என்ட்ரோபி என்றார் போல்ட்ஸ்மான், 1877-இல். வியன்னாவில் அவர் கல்லறையில் அந்தச் சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். சுடுநீரும் தண்ணீரும் கலந்து வெதுவெதுப்பாவது, அதற்கான வழிகள் அளவிட முடியாத அளவு அதிகம் என்பதால். "ஒழுங்கின்மை" என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். கலைந்த மேசையை நினைக்க வைத்துவிடும். "வழிகளின் எண்ணிக்கை" என்று சொல்லுங்கள்.

---

நேர்கோடு

விதிகளின் வரிசையைப் பற்றிக் கரும்பலகை முதலில் கேட்டதோடு இதையும் சேர்க்கலாம். மூன்றாம் விதி (தனிப்பூஜ்ஜிய வெப்பநிலையை நெருங்கும்போது என்ட்ரோபி எப்படி இருக்கும் என்பது) நெர்ன்ஸ்டிடமிருந்து 1906-இல் வந்தது. "பூஜ்ஜிய விதி" (மூன்றாவது பொருளோடு வெப்பச் சமநிலையில் உள்ள இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்பது) என்ற பெயர் அதற்கும் பின்னால், 1930-களில். சாமர்ஃபெல்ட் அந்தப் பெயரை ஃபௌலருக்கு உரியதாகச் சொல்கிறார்; மேகநாத் சாஹாவும் ஸ்ரீவாஸ்தவாவும் எழுதிய வெப்பவியல் பாடநூலைப் பற்றி ஃபௌலர் பேசும்போது வந்ததாம். எண்ணில் முதலில் நிற்கும் விதிக்குக் கடைசியில் பெயர்.

---

கரும்பலகை

திங்கட்கிழமை வகுப்பு முடிந்தது. யாழ்வாசியின் இரண்டு இயந்திரங்களைப் பலகையில் வரைந்தேன். 813, 313 கணக்கையும் போட்டேன். அந்த மாணவி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கார்னோவுக்குத் தூண்தான் சார் தப்பு" என்றாள்.

பிறகு பிளாக்கின் சோதனையைச் செய்தோம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டில், ஒவ்வொன்றிலும் 250 கிராம். ஒன்றில் நொறுக்கிய பனிக்கட்டி, ஒன்றில் 1 டிகிரி செல்சியஸில் நீர். அறை 31 டிகிரி. இரண்டையும் கலக்கிக்கொண்டே இருந்தோம். நீர் 1-இலிருந்து 8-க்கு ஏற 20 நிமிடம். பனிக்கட்டி முழுதும் உருக 3 மணி 10 நிமிடம். மாணவிகள் முறை வைத்துக் கலக்கினார்கள். உணவு இடைவேளையிலும் விடவில்லை.

190 நிமிடம், அதாவது ஒன்பதரை இருபது நிமிடங்கள். 9.5 × 7 = 66.5 டிகிரி. ஆனால் 80 வர வேண்டும் (மேலே சொன்ன 144 ஃபாரன்ஹீட் டிகிரி, செல்சியஸில் 80). எங்கே விட்டோம்?

---

கொதிகலன்

சார், இது எங்கள் வெப்பப் பரிமாற்றிகளில் தினமும் வரும் விஷயம். வெப்பம் உள்ளே வரும் வேகம், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. பனி பாட்டில் கடைசி வரை 0-விலேயே நிற்கிறது, வித்தியாசம் 31. நீர் பாட்டில் 1-இலிருந்து 8-க்குப் போகிறது, சராசரி 4.5, வித்தியாசம் 26.5 தான். பனி பாட்டிலுக்குள் கொஞ்சம் வேகமாக வெப்பம் போயிருக்கிறது. 66.5-ஐ 31-ஆல் பெருக்கி 26.5-ஆல் வகுங்கள். 78 வருகிறது.

மிச்சம் 2, பனிக்கட்டியை ஈரத்தோடு போட்டிருப்பீர்கள். அந்த ஈரம் ஏற்கெனவே உருகியதுதானே. அடுத்த முறை உறிஞ்சுதாளில் ஒற்றி எடுத்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள்.

---

கரும்பலகை

ஒற்றவில்லை. நாளை கடைசிப் பாடவேளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், திரும்பச் செய்கிறோம்.